ஊக்கமின்மை என்னும் பழி

தேகாப்பியாசத்தை நாள்தோறும் தவறாமல் செய்யாதவர் எவரோ அவர் மனவுறுதி இல்லாதவர் என்றும், அவ்வுறுதியை எங்கிருந்தேனும் திரட்டிக்கொண்டு விடியற்காலையில் எழுந்துவிடுவாராயின் மற்றவையெல்லாம் தாமே கைகூடும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே ஆழ வேரூன்றி நிற்கிறது. மருத்துவர் அதைச் சொல்கிறார். பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் அதைச் சொல்கிறார். கைப்பேசித் திரையில் தோன்றும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் அதையே உரத்த குரலில் சொல்கிறார். சர்க்கரை ஏறிவிட்டதென்று அறிந்து அரசு மருத்துவமனை வாசலில் மருந்துச் சீட்டோடு நிற்கும் நோயாளியும், "எனக்குத்தான் சோம்பல், என்ன செய்ய" என்று தம்மைத் தாமே நிந்தித்துக்கொண்டு வீடு திரும்புகிறார். இவ்வபிப்பிராயம் பிழையானது, நம்மிடையே மிகுந்த தீங்கையும் செய்து வருவது. அதனை மறுப்பதற்குத் தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியையும் அதனைச் சுற்றியுள்ள நாட்டையும் சான்றாகக் கொள்கிறேன். ஏனெனில், இவ்விஷயத்தில் உலகுக்கு எடுத்துக்காட்டத்தக்க பாடங்கள் இந்த மாவட்டத்தின் சமீப கால வரலாற்றிலேயே கிடக்கின்றன.

நல்லம்பள்ளி, தருமபுரிக்குத் தெற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், சேலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர்; வட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம்; சுற்றுப்பட்டிக் கிராமங்களின் ஆடுமாடுகள் வந்து சேரும் வாரச் சந்தை கூடுமிடம். வடக்கே அதியமான்கோட்டை, தெற்கே, லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிய செய்திகளாலேயே தமிழ்நாடு முழுவதும் பெயர் தெரிந்துவிட்ட தொப்பூர்க் கணவாய். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே செல்வதால், இரவும் பகலும் கனரக வண்டிகளின் ஓட்டம் ஓய்வதில்லை.

இப்பகுதியில் நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்மணியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரம் "வாக்கிங் போங்க" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, மாட்டைக் கறந்து, பாலைச் சொசைட்டிக்கு அனுப்பி, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் கணவரை வேலைக்கும் அனுப்பிவிட்டுத் தாமும் எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்பியாக வேண்டிய அவர், அந்த அரைமணியை எங்கே வைப்பார்? எப்படியோ வைத்துவிட்டார் என்றே கொள்வோம், எங்கே நடப்பார்? சாலையோரத்தில் நடைபாதை இல்லை; இருட்டில் லாரியின் விளக்குக் கண்ணைக் கூசச்செய்ய, தார்ச்சாலைக்கும் புதருக்கும் இடையிலுள்ள ஓரடி அகல மண்ணில் நடக்க வேண்டும். ஊருக்குள் நடந்தாலோ நாய்கள் துரத்தும். நாய்க்குப் பயப்படாவிட்டாலும் நாக்குக்குப் பயப்பட வேண்டும். "வேலவெட்டி இல்லாம காலங்காத்தால எங்க கிளம்பிட்டா" என்ற ஒரு சொல் போதும், இரண்டாம் நாள் அவர் வீட்டை விட்டு இறங்கமாட்டார். இந்தப் பெண்மணி நான்கரைக்கு எழுகிறவர். ஒரு நாளும் தவறாமல் மாட்டைக் கறக்கிறவர். காய்ச்சலிலும் அடுப்பு மூட்டுகிறவர். இவரிடம் மனவுறுதி இல்லை என்று சொல்லத் துணிகிறவர், மனவுறுதி என்று எதைத்தான் கருதுகிறார்?

கிராமத்தாருக்கு உழைப்பே பயிற்சியன்றோ, அவர்களுக்குத் தனியே ஒரு தேகாப்பியாசம் எதற்கு என்று கேட்பாரும் உளர். அரை நூற்றாண்டுக்கு முன் கேட்டிருந்தால் அக்கேள்வி பொருத்தமே. கவலை இறைத்தலும், ஏர் உழுதலும், திரிகையில் கேழ்வரகு திரித்தலும், சந்தைக்குத் தலைச்சுமையோடு நடத்தலும் உடம்பைக் கேளாமலே உடம்புக்கு வேலை கொடுத்தன. இன்று ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, மிக்ஸியும் கிரைண்டரும் அரைக்கின்றன, அடுத்த தெருவுக்கும் இருசக்கர வண்டி போகிறது. இவை போக வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். பெண்களின் தோளையும் இடுப்பையும் தேய்த்த அந்த உழைப்பு திரும்பி வர வேண்டுமென்று விரும்புகிறவன் அவ்வுழைப்பைச் செய்தறியாதவன். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்னோர் உடல் அசைந்தது அவர்களுடைய சங்கல்பத்தால் அன்று, அவர்களுடைய வாழ்க்கை அமைப்பால். அமைப்பு மாறியதும் அசைவு நின்றது. அமைப்பால் நின்றதைச் சங்கல்பத்தால் மட்டும் மீட்டுவிடலாம் என்று எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது.

இதற்கு விஞ்ஞானச் சான்று வேண்டுவோர் 1953இல் இங்கிலாந்து மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் வெளியிட்ட ஆராய்ச்சியை நினைவுகூரலாம். லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களையும், அதே பேருந்துகளில் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்ட அவர், நடத்துநர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைந்திருந்ததைக் கண்டார். உடற்பயிற்சி குறித்த நவீன ஆராய்ச்சி முழுவதற்கும் அடிக்கல் நாட்டிய அந்த நடத்துநர்களுள் ஒருவரேனும், "இன்று படியேற எனக்கு ஊக்கம் வருமா" என்று காலையில் தம்மைக் கேட்டுக்கொண்டவர் அல்லர். படி இருந்தது, மேலே பயணி இருந்தார்; ஏறினார்கள்.

நம் நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. 2024இல் லான்செட் குடும்பத்து மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, 2022இல் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவ்வளவை எட்டவில்லை. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. ஊக்கமே காரணம் என்று வாதிடுவோர் இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்திற்கு விளக்கம் கூறட்டும். இந்தியப் பெண்களின் மனவுறுதி ஆண்களுடையதைவிட அத்துணை குறைந்தது என்று அவர்கள் கூறுவார்களா? கூறமாட்டார்கள், நேரம், இடம், பாதுகாப்பு, ஊரார் பேச்சு என்று காரணம் தேடுவார்கள். பெண்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்ளும் அக்காரணங்களை எல்லோர் விஷயத்திலும் ஒப்புக்கொள்வதில் என்ன தடை?

இனி இந்த மாவட்டத்தின் பாடங்களுக்கு வருகிறேன். முதலாவது, தண்ணீர். இப்பகுதியின் பாறைகளில் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வந்து, ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைப் பல இடங்களில் தாண்டியிருந்தமையால், குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. ஆண்டுக்கணக்கில் அந்நீரையே குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, குனியவும் நடக்கவும் வேதனையாயிற்று. குனிந்து நிமிர முடியாதவரிடம் போய் "நடக்கச் சோம்பலா" என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்பதை முதலில் உணர வேண்டும். இதற்குப் பரிகாரமாக என்ன செய்யப்பட்டது? "நல்ல நீர் குடிக்கும் ஊக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் பிரசங்கம் செய்துவிட்டு நின்றுவிடவில்லை. ஜப்பானின் கடனுதவியோடு, காவிரி நீரை ஒகேனக்கல்லில் எடுத்துச் சுத்திகரித்து, குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களுக்குக் கொண்டுவரும் பெரும் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் வந்த இடத்தில், மனவுறுதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நீரைக் குடிக்கிறார்கள்.

இரண்டாவது பாடம் இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அது பழக்கத்தைப் பற்றியது. ஏழைப் பெண்கள் சேமிக்கமாட்டார்கள், அவர்களுக்குச் சிக்கனமும் கட்டுப்பாடும் கிடையா, கையில் வந்தது வாய்க்குப் போகும் என்று படித்தவர்கள் உறுதியாகச் சொல்லிவந்த காலம் ஒன்று இருந்தது; தேகாப்பியாசம் பற்றி இன்று சொல்லப்படும் அதே வசைதான், பொருள் மட்டும் வேறு. 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் அமைக்கத் தொடங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். பதினைந்து இருபது பெண்கள், குறித்த நாளில், குறித்த திண்ணையில் கூடினார்கள். ஒரு சிறு தொகையை எல்லோர் கண்முன்னும் வைத்தார்கள். கணக்கு நோட்டில் பெயருக்கு நேரே எழுதினார்கள். வராதவள் வீட்டுக்கு மற்றொருத்தி போய் "ஏங்க்கா வரல" என்று கேட்டாள். இவ்வளவே. சேமிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் சேமித்தார்கள். கடன் வாங்கித் திருப்பிக் கட்டினார்கள். பின்னர் அவ்வமைப்பு தமிழ்நாடு முழுவதும் பரவியது. அப்பெண்களின் உள்ளம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. அவர்களுக்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு துணை, ஒரு கணக்கு கிடைத்தன. சிக்கனம் அவற்றின் பின்னால் வந்தது. இதைத் தன் மண்ணிலேயே நடத்திக்காட்டிய மாவட்டத்தில் நின்றுகொண்டு, உடற்பயிற்சி மட்டும் தனிமனித வைராக்கியத்தின் விஷயம் என்று பேசுவது, கண்ணெதிரே கிடக்கும் பிரத்தியட்சத்தைப் புறக்கணிப்பதாகும்.

அரசாங்கமே ஒரு காரியத்தில் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வராதவர்களை வையாமல், மாத்திரையையே வீட்டு வாசலுக்கு அனுப்பும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில். மாத்திரைக்குத் தேடிப் போகலாம், நடைக்கு மட்டும் உபதேசம் போதும் என்பது எந்த நியாயம்?

எதிர்வாதிகளின் கூற்றுகளை நான் ஒதுக்கிவிடவில்லை. அவற்றுள் வலிமையுள்ளது இது: இடம் கொடுத்தும் ஜனங்கள் வரவில்லையே என்பது. கிராம ஊராட்சிகளில் 500 இடங்களில் அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக்கூடமும் அமைக்கப்படும் என்று 2016இல் அறிவிக்கப்பட்டு, பல இடங்களில் கட்டியும் முடித்து, இரும்புக் கருவிகளும் வந்து இறங்கின. சில ஆண்டுகளுக்குள் அவற்றுள் பலவற்றின் கதவில் பூட்டுத் தொங்குவதைச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. இதைக் காட்டி, "பாருங்கள், வசதி இருந்தும் ஊக்கம் இல்லை" என்கிறார்கள். நான் அந்தப் பூட்டை வேறு விதமாகப் படிக்கிறேன். கட்டடம் ஓர் ஏற்பாடு ஆகாது. கற்றுக்கொடுக்க ஆள் உண்டா, பெண்களுக்கென்று நேரம் உண்டா, கருவி பழுதானால் யார் பொறுப்பு, மின்கட்டணம் எந்தக் கணக்கில், காலை ஐந்து மணிக்கு வந்து திறக்கிறவர் யார், அவருக்குச் சம்பளம் என்ன என்ற கேள்விகளுக்கு விடையில்லாத கட்டடம் பூட்டப்படுவதில் வியப்பில்லை. சுய உதவிக் குழுவுக்குக் கட்டடமே இருந்ததில்லை, திண்ணை போதுமாயிருந்தது. அங்கே இருந்ததும் இங்கே இல்லாததும் எது என்று பார்த்தால் பூட்டின் காரணம் விளங்கும்.

அதுபோலவே, 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அரசு, பாதையைத் தன் கடமையாக ஏற்றது நற்செய்தி. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது நம் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணிக்கு இல்லை என்பதற்குச் சமம். நடப்பதற்காகப் பேருந்தேறிப் போகிறவர் எத்தனை பேர்?

மற்றொரு கூற்று: அதே ஊரில், அதே சாலையில், அதே வறுமையில் ஒருவர் தினந்தோறும் ஓடுகிறாரே, அவருக்கு எப்படி முடிகிறது என்பது. காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் தயாராகும் இளைஞர்கள் விடியற்காலையில் ஓடுவதை நம் ஊர்கள் எல்லாவற்றிலும் காண்கிறோம், அவர்களை வணங்குகிறேன். ஆயினும், அவர்களை உற்றுநோக்கினால் அவர்கள் தனியே ஓடுவதில்லை என்பது புலப்படும். நான்கைந்து பேராகச் சேர்ந்தே ஓடுகிறார்கள். தேர்வுநாள் ஒன்று முன்னே நிற்கிறது. கடிகாரம் வைத்து நேரம் குறிக்க ஓர் அண்ணன் இருக்கிறார். ஆண்பிள்ளைகள் ஆதலால் ஊர் அவர்களை ஒன்றும் சொல்வதில்லை. வேலை கிடைத்தபின், அல்லது வயது வரம்பு கடந்தபின், அவர்களுள் பெரும்பாலோர் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள். தேர்வு இருந்தபோது இருந்த மனவுறுதி பிறகு எங்கே போயிற்று? மனிதர் மாறவில்லை, சூழ்ந்து நின்ற ஏற்பாடு கலைந்துவிட்டது. அரசுப் பள்ளியில் விலையில்லா மிதிவண்டி பெற்று நாள்தோறும் பல கிலோமீட்டர் மிதித்த மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் அதைத் தம்பிக்கு விட்டுவிட்டு வீட்டில் அமர்வதும் இதே கதைதான்.

ஊக்கமே எல்லாம் என்பதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு அழைப்பதும் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. ஊக்கமுடைமை என்ற அதிகாரம் பொருட்பாலில், அரசியலின்கண், நாடாள்வோன் மேற்கொள்ளும் பெருங்காரியங்களை நோக்கி வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் கருதுவதில்லை. உடல்நலம் பேசும் மருந்து என்ற அதிகாரத்திலோ உண்ணும் அளவும், பசியின் பக்குவமும், பின்னர் மருத்துவன், மருந்து, உடனிருப்பவன் என நோயைச் சூழ்ந்த ஏற்பாடுகளுமே பேசப்படுகின்றன. நோயாளியின் சோம்பலை வள்ளுவர் அங்கே நிந்திக்கவில்லை.

இருபத்தொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டால் பிறகு பழக்கமாகிவிடும் என்று விற்கப்படும் வாக்குறுதியைப் பற்றியும் ஒரு சொல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் பிலிப்பா லாலியும் உடன் ஆய்ந்தோரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்றும் கணித்தார்கள். அந்த ஆய்விலும் ஒவ்வொருவரும் செயலை நாளின் ஏதேனும் ஒரு குறித்த வேளையோடு, குறித்த நிகழ்ச்சியோடு பிணைத்துக்கொண்டே செய்தார்கள். இருபத்திரண்டாம் நாள் பழக்கம் வராததைக் கண்டு, தம்மிடமே ஏதோ குறையுள்ளதென்று மனமுடைந்து விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எண்ணும்போது எனக்குக் கோபமே வருகிறது.

அப்படியானால் சங்கல்பத்துக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, பெரிய இடம் உண்டு. சென்னைத் திருமங்கலத்து ஏசியாட் காலனியில் 1990களின் பிற்பகுதியில் சர்க்கரை நோய் பற்றி ஆராய்ந்த மருத்துவர் வி. மோகனும் அவரைச் சார்ந்தோரும் அங்குள்ளவர்களுக்கு நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் தத்தம் அலாரத்தைத் திருகி வைத்துக்கொண்டதோடு நின்றிருந்தால் அது நாம் அறிந்த பழைய கதையாகவே முடிந்திருக்கும். அவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, நடைபாதையோடு கூடிய பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் முன்பு 14.2 விழுக்காடாயிருந்தவர்கள், பூங்கா வந்தபின் 58.7 விழுக்காடானார்கள். பத்தாண்டில் அக்காலனியில் சர்க்கரை நோயின் விகிதம் 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 ஆக ஏற, அதே ஆராய்ச்சியில் சேர்ந்திருந்த தியாகராய நகர்ப் பாரதி நகரின் ஏழைக் குடும்பங்களிலோ 6.5இலிருந்து 15.3 ஆகப் பாய்ந்தது. வித்தியாசம் முழுவதையும் பூங்காவின் கணக்கில் எழுதுவது சரியாகாது. வருமானமும் உணவும் கல்வியும் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் அக்காலனியார் தங்கள் மனவுறுதியை எங்கே செலவிட்டார்கள் என்பதைப் பாருங்கள். விதைக்கேழ்வரகைத் தினம் ஒரு பிடியாகக் களி கிண்டித் தீர்த்துவிடாமல், ஒருமுறை நிலத்தில் இட்டார்கள். மனிதனின் வைராக்கியம் அளவுக்கு உட்பட்டது. அதை ஒவ்வொரு விடியலிலும் போர்வையோடு மல்லுக்கட்டிச் செலவழிப்பது வீண். போர்வையை உதற வேண்டிய காரணம் வாசலில் வந்து நிற்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்வதற்கு அதைச் செலவிட வேண்டும். அத்தகைய ஏற்பாடும் தனியொருவரால் ஆகிற காரியமன்று. பணமுள்ள காலனிக்குத் தன் காசு உதவியது, நல்லம்பள்ளிக்குப் பொதுப்பணம்தான் உதவ வேண்டும்.

நல்லம்பள்ளிக்கு வேண்டியவை பெரியவை அல்ல. நெடுஞ்சாலையைத் தொடாமல் ஊருக்குள்ளேயே ஒரு சுற்று வரும் பாதை; அதில் காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் எரியும் விளக்கு; பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் திறந்திருக்கும் அரசுப் பள்ளி மைதானம்; மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்ற நியமம்; மூட்டு வலி உள்ளவர்களுக்கு அமர்ந்தே செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருமுறை வந்துபோகும் பிசியோதெரபிஸ்டு; ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கும் மகளிர் குழுக்கள், கூட்டம் முடிந்ததும் கலைந்து போகாமல் சேர்ந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வீடு திரும்பும் ஏற்பாடு. பத்துப் பெண்கள் சேர்ந்து நடக்கும் தெருவில் "எங்க கிளம்பிட்டா" என்று ஒருவரும் கேட்கமாட்டார். கேட்டால் பதில் சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள்.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். "தினமும் நடங்க" என்று எழுதுவதற்கு முன், எங்கே நடப்பீர்கள், எந்நேரம், யாரோடு என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை வராத இடத்தில் அந்நோயாளியைக் கடிந்துகொள்ளாமல், அக்கேள்விகளையே ஊராட்சிக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள். அரசு மருத்துவரின் கையெழுத்திட்ட அத்தகைய கடிதங்கள் இருபது சேர்ந்தால், எந்த ஊராட்சியும் அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கிராம சபை அக்டோபர் 2ஆம் நாள் கூடும். தருமபுரி தனி மாவட்டமாக 1965இல் உருவானதும் அதே நாளில்தான். அன்று குடிநீரும் தெருவிளக்கும் ஊரக வேலைத் திட்டமும் பேசப்படும்போது, மகளிர் குழுவினர் எழுந்து, நடைபாதைக்கு எத்தனை விளக்கு, எந்த நிதியிலிருந்து, மைதானத்தின் சாவி எவர் கையில், காலை எத்தனை மணிக்குத் திறப்பார், பழுதானால் எவரிடம் சொல்வது என்று கேட்டு, அப்பெயர்களையும் நேரங்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை உரக்கப் படிக்கச் செய்து, அதன்பின் கையெழுத்திட வேண்டும்.